திரும்ப மறுக்கும் வால்வு

கீழப்பழுவூர் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் உடனே பழுவேட்டரையரைப் பற்றிக் கேட்பார்கள். கோயில் பக்தி உள்ளவர்கள் ஆலந்துறையார் கோயிலைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது சுண்ணாம்புக்கல் லாரியும் ஷிப்டு சங்கும்தான். 1939-இல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்தது. 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் ஆலைகள். எப்போதோ கடலாக இருந்த பூமி இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. எனக்கும் போட்டது. மெக்கானிக்கல் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

சிமெண்ட் ஆலைப் பராமரிப்பு என்றால் கில்ன், கிரஷர், மில் என்று பெரிய இயந்திரங்களைப் பற்றித்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இன்று ஒரு சின்னச் சாமானைப் பற்றி எழுதுகிறேன். பால் வால்வு. ஆவின் பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உள்ளே பந்து இருப்பதால் அந்தப் பெயர். அதைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்பதுதான் இன்றைய விஷயம். 'இதில் எழுத என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தக் கணக்கு தெரியாமல் உடம்பு வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் வால்வு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பளபளவென்று தேய்த்த உலோகப் பந்து ஒன்று. அதன் நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓட்டை. பந்துக்கு முன்னும் பின்னும் வளையம் போல இரண்டு சீட். பந்தின் தலையில் ஒரு தண்டு, தண்டின் மேல் கைப்பிடி. கைப்பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. கால் சுற்றுதான், 90 டிகிரி. பழைய கேட் வால்வு மாதிரி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

இந்த வால்வுக்கு உயிர் கொடுத்தது டெஃப்லான். 1938-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுக்களை ஆராயும்போது தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். நம் வீட்டுத் தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். அந்த வழுவழுப்பான பொருளில் சீட் செய்ய முடிந்த பிறகுதான் பால் வால்வு ஆலைகளில் பரவலாக நுழைந்தது. உலோகத்தோடு உலோகம் உரசினால் கசியாமல் மூடுவதும் கஷ்டம், எளிதாகத் திருப்புவதும் கஷ்டம்.

இப்போது பலத்துக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் 'திருப்பு விசை' என்று இருக்கும். சிலர் 'முறுக்கு விசை' என்பார்கள். முறுக்கு என்றதும் மணப்பாறை ஞாபகம் வருபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆலையில் எல்லோருக்கும் அது 'டார்க்'. எவ்வளவு விசையோடு இழுக்கிறோம், தண்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடித்து இழுக்கிறோம், இரண்டையும் பெருக்கினால் டார்க். செக்கில் மாடு கட்டும் நுகத்தடி ஏன் அவ்வளவு நீளம் என்று யோசித்தால் புரியும். திருகைக்கல்லின் கைப்பிடியை நடுவில் வைக்காமல் ஓரத்தில் நட்டு வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

சரி, பந்து ஏன் திரும்ப மறுக்கிறது? அதற்கு நம் ஏரிகளிலேயே உதாரணம் இருக்கிறது. சோழர் காலத்து ஏரிகளில் குமிழித் தூம்பு பார்த்திருப்பீர்கள். ஏரிக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்கும். கீழே தரை மட்டத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் நீர் அடியிலுள்ள சுரங்கக் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். அதுவும் ஒரு வால்வுதான். கணக்குக்காகத் துளையின் விட்டம் 20 செ.மீ. என்றும், மேலே 3 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தண்ணீர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். 3 மீட்டருக்கு 0.3 கிலோ. துளையின் பரப்பு 314 சதுர செ.மீ. ஆக, மூடியின் மேல் தண்ணீர் மட்டும் 94 கிலோ கனத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கு, அவ்வளவுதான். ஏரி மூடிக்கும் ஆலை வால்வுக்கும் ஒரே கணக்கு.

மூடிய பால் வால்வில் ஒரு பக்கம் அழுத்தம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. அந்த வித்தியாசம் பந்தைத் தள்ளி மறுபக்க சீட்டோடு அழுத்தும். அந்த அழுத்தத்தில் பந்து உரசிக்கொண்டு திரும்ப வேண்டும். வால்வின் அளவு இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்காகிறது. பந்தின் ஆரமும் இரண்டு மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் எட்டு மடங்கு. 2 அங்குல வால்வை ஒரு விரலால் திருப்பியவன், 4 அங்குலத்துக்கு இரண்டு விரல் போதும் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவான். அதனால்தான் பெரிய வால்வுகளில் பந்தை மேலும் கீழும் தாங்கிப் பிடித்து, அழுத்தம் முழுவதும் சீட்டில் விழாமல் செய்திருப்பார்கள். கைப்பிடிக்குப் பதில் கியர் பாக்ஸும் சக்கரமும் இருக்கும்.

இன்னொன்று. திருப்பத் தொடங்கும்போது வேண்டிய டார்க்கும், திரும்பிக்கொண்டிருக்கும்போது வேண்டியதும் ஒன்றல்ல. பாரம் ஏற்றி நிற்கிற மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அடி வைக்க மாடு எவ்வளவு திணறுகிறது! உருளத் தொடங்கிவிட்டால் நடந்துகொண்டே போகும். வால்வும் அப்படித்தான். மூடிய நிலையிலிருந்து அசைக்கத்தான் அதிக டார்க். நடுவில் குறையும். மறுபடி சீட்டில் போய் உட்காரும்போது கொஞ்சம் கூடும். வண்டி எத்தனை நாள் சேற்றில் நின்றதோ அத்தனைக்கு முதல் அடி கஷ்டம். வால்வும் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் டெஃப்லான் பந்தின் மேல் படிந்து அப்படியே அச்சாகிவிடும்.

இதையெல்லாம் எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு மூத்த ஃபிட்டர். எட்டாவது வரைதான் படித்தவர். எல்லோரும் 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கில்ன் நாற்பது நாள் ஷட்டவுன் முடிந்து மறுபடி சூடேற்ற வேண்டிய இரவு. எடுத்த எடுப்பில் நிலக்கரியைப் பற்றவைக்க முடியாது. முதலில் எண்ணெய் பர்னர். அப்போது எங்களுக்கு ஃபர்னஸ் ஆயில். ஆறினால் தார் மாதிரி கெட்டியாகிவிடும். சூடேற்றித்தான் பம்ப் செய்ய வேண்டும். பர்னருக்குப் போகும் லைனில் 3 அங்குல பால் வால்வு, நாற்பது நாளாக மூடியபடியே கிடக்கிறது. பம்பு ஓடுகிறது, கேஜ் 8 கிலோ காட்டுகிறது, வால்வு அசையவில்லை. ஷிப்டு இன்சார்ஜ் மேல் தளத்திலிருந்து சத்தம் போடுகிறார். நல்ல உடல்வாகுள்ள ஹெல்பர் பையன் ஒருவன், ஒரு நீளமான ஜி.ஐ. பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கைப்பிடியில் செருகினான்.

"தம்பி, பைப்ப எடு" என்றார் மேஸ்திரி.

"ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும்ண்ணே."

"வர்றது பந்தா, தண்டான்னு உனக்குத் தெரியுமா?"

பையன் பைப்பை எடுத்துவிட்டான். மேஸ்திரி பம்பை நிறுத்தச் சொன்னார். ரிட்டர்ன் லைனைத் திறந்து அழுத்தத்தை இறக்கினோம். பிறகு லைனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். வால்வுக்கு முன்னால் சூடு இருந்தது, வால்வு மட்டும் ஜில்லென்று இருந்தது. அந்த இடத்தில் லைனைச் சூடேற்றும் ட்ரேசிங் வேலை செய்யவில்லை. எலெக்ட்ரீஷியனை எழுப்பி அதைச் சரி செய்தோம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தோம். இன்சார்ஜ் மட்டும் உட்காரவில்லை. பிறகு மேஸ்திரி அந்தப் பையனையே கூப்பிட்டு, "இப்பத் திருப்பு" என்றார். அவன் ஒற்றைக் கையால் திருப்பினான்.

மறுநாள் நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 அங்குல வால்வில் சீட்டின் விட்டம் ஏறக்குறைய 9 செ.மீ. பரப்பு 64 சதுர செ.மீ. 8 கிலோ அழுத்தத்தில் பந்தின் மேல் 512 கிலோ. அரை டன்! டெஃப்லான் வழுக்கும் என்பதால் அதில் பத்தில் ஒரு பங்கு உராய்வு என்று வைத்தால் 51 கிலோ. அது தண்டின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி உரசுகிறது. ஆக 25 நியூட்டன் மீட்டர். சீட்டின் சொந்த இறுக்கமும் கிளாண்ட் பேக்கிங்கும் இன்னொரு 25 கேட்கும். மொத்தம் 50. கைப்பிடி 40 செ.மீ. நீளம். நல்ல நிலையில் உள்ள வால்வை அந்தக் கைப்பிடியில் பன்னிரண்டு பதின்மூன்று கிலோ விசையோடு இழுத்தால் திரும்பிவிட வேண்டும்.

அந்தப் பையன் 40 கிலோ விசையாவது போட்டிருப்பான். 160 நியூட்டன் மீட்டர். வேண்டியதைப் போல மூன்று மடங்கு போட்டும் திரும்பவில்லை என்றால், குறை பலத்தில் இல்லை. வால்வுக்குள் வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைத்தான் மேஸ்திரி காகிதம் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்.

பைப் போட்டிருந்தால்? பைப்பின் நுனி தண்டிலிருந்து 1.2 மீட்டர். அதே 40 கிலோ விசை, 480 நியூட்டன் மீட்டர். தண்டு 20 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு. 190 வாக்கிலேயே அது நிரந்தரமாக முறுக்கிக்கொள்ளத் தொடங்கிவிடும். கைப்பிடியின் நீளத்தைக் கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்தால் குறைத்து வைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது. அந்த நீளமே ஒரு வரம்பு. சாதாரண மனிதன் முழு பலத்தோடு இழுத்தாலும் தண்டு தாங்கும்படி வைத்த அளவு. பைப்பைச் செருகும்போது அந்த வரம்பைத்தான் கழற்றிப் போடுகிறோம்.

தண்டு முறிந்தால் வால்வு போகும், விலை போகும், அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். தண்டு உள்ளே முறுக்கிக்கொண்டால் கைப்பிடி ஒரு திசையைக் காட்டும், பந்து வேறு திசையில் நிற்கும். வேறொரு ஆலையில் அப்படித்தான் ஆனது. கைப்பிடி குறுக்கே இருந்தது. மூடியிருக்கிறது என்று நம்பி, ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி அடுத்த ஃபிளாஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றினார். பந்து பாதி திறந்திருந்தது. சூடான எண்ணெய் கையிலும் மார்பிலும் பீய்ச்சியடித்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. யார் எப்போது அந்த வால்வில் பைப் போட்டு இழுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இது நம் ஊர்ப் பக்கத்துக் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் பேட்டன் ரூஜ் நகரிலுள்ள எக்ஸான்மொபில் சுத்திகரிப்பு ஆலையில், 2016 நவம்பர் 22 அன்று, ஒரு பிளக் வால்வு திரும்பவில்லை. பிளக் வால்வு என்பது பால் வால்வுக்குப் பங்காளி. பந்துக்குப் பதில் உருளை மாதிரி அடைப்பான் இருக்கும், மற்றபடி அதே கால் சுற்று. அதன் கியர் பாக்ஸ் வேலை செய்யவில்லை. கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு பைப் ரெஞ்சால் தண்டைத் திருப்புவது அங்கே நடைமுறையாக இருந்தது. அன்று கழற்றியது பழைய வடிவமைப்பு. கியர் பாக்ஸைத் தாங்கிய போல்ட்டுகளே வால்வின் மேல் மூடியையும் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு ரெஞ்சு போட்டுத் திருப்பியதும் வால்வு அழுத்தத்தோடு பிரிந்துவிட்டது. ஐசோபியூட்டேன் வாயு வெளியேறித் தீப்பிடித்து, நான்கு பேர் கடுமையாகக் காயமடைந்தார்கள்.

பிற்காலத்தில் எங்கள் ஆலைகளிலும் கைப்பிடி குறைந்து, காற்றால் இயங்கும் ஆக்சுவேட்டர்கள் வந்தன. கன்ட்ரோல் ரூமில் பட்டனை அழுத்தினால் வால்வு திரும்பும். 'இனி டார்க் பற்றிக் கவலை இல்லை' என்றார்கள் இளைஞர்கள். எனக்குக் கவலை கூடியது. கையால் திருப்புகிறவனுக்கு இறுக்கம் உள்ளங்கையில் தெரியும். காற்றுக்கு உள்ளங்கை கிடையாது. ஆகவே அது எவ்வளவு தள்ள வேண்டும், எவ்வளவுக்கு மேல் தள்ளக்கூடாது என்பதை வாங்கும்போதே நாம் முடிவு செய்தாக வேண்டும்.

கேட்டலாக்கில் 5.5 கிலோ காற்றுக்கு டார்க் கொடுத்திருப்பான். லைனின் கடைசியில் இருக்கும் வால்வுக்கு, எல்லா பேக் ஃபில்டரும் ஓடும் நேரத்தில், 4 கிலோதான் வந்து சேரும். அப்போது கிடைப்பது கேட்டலாக் டார்க்கில் முக்கால் பங்குக்கும் குறைவு. காற்று போனால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வகையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஸ்பிரிங் விரிய விரிய பலம் குறையும். வால்வு சீட்டில் போய் உட்காரும் அந்தக் கடைசி நேரத்தில்தான் அதற்கு மிகக் குறைந்த பலம் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வால்வு கேட்பதற்கு மேல் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூடுதலாக வைப்பது வழக்கம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று மடங்கு பெரிய ஆக்சுவேட்டரைப் போட்டால், ஹெல்பர் பையனின் பைப்பை வால்வின் மேல் நிரந்தரமாகப் பொருத்தி வைத்தது போலத்தான். தண்டு தாங்கும் அதிகபட்ச டார்க் எவ்வளவு என்று வால்வு கம்பெனியிடம் கேட்டு வாங்காமல் ஆர்டரில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பணியில் இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சொன்னதைச் செய்யும் இயந்திரம் தவறாகச் சொன்னாலும் செய்யும். 1989 அக்டோபர் 23 அன்று டெக்சஸ் மாநிலம் பாசடேனாவில் பிலிப்ஸ் கம்பெனியின் பாலிஎத்திலீன் ஆலை வெடித்து 23 பேர் இறந்தார்கள். பராமரிப்பு வேலை நடந்த இடத்தில் ஒரு பால் வால்வு மூடியிருக்க வேண்டும், ஆனால் திறந்திருந்தது. ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றுக் குழாய்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே மாதிரி இணைப்பு. மூடச் சொன்னால் திறக்கும். அதைப் படித்த பிறகு எங்கள் பிரிவில் இரண்டு குழாய்களுக்கும் வெவ்வேறு நிறம் அடித்தோம். பெயிண்ட் செலவு சில நூறு ரூபாய்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். உங்கள் வீட்டிலும் பால் வால்வு இருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், ஒரு அங்குல பிளாஸ்டிக் வால்வு. தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே 0.6 கிலோ அழுத்தம். பந்தின் மேல் மொத்தமே 4 கிலோ கனம்தான் விழும். ஒரு குழந்தை திருப்பலாம். அது இறுகியிருக்கிறது என்றால் காரணம் அழுத்தம் இல்லை, உப்பு. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் சுண்ணாம்பு மண்ணில் ஊறி வருகிறது. அசையாமல் கிடக்கும் பந்தின் மேல் அது படிந்து கல்லாகும்.

ஆகவே மாதம் ஒரு முறை வீட்டிலுள்ள எல்லா வால்வுகளையும் மூடித் திறந்துவிடுங்கள். மின் கட்டணம் கட்டும் நாளை ஞாபகம் வைத்திருப்பது போல இதற்கும் ஒரு நாள் வையுங்கள். இறுகிவிட்டால் ரெஞ்சு போடாதீர்கள். முதலில் கைப்பிடி முறியும், அதற்கும் மசியாவிட்டால் குழாய் முறியும். தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் முறிந்தால் வீடு முழுக்கத் தண்ணீர். நம் வயதில் ஈரத் தரையில் வழுக்குவது வால்வு விலையோடு போகிற விஷயம் இல்லை. தொட்டியைக் காலி செய்துவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் யூனியன் உள்ள வால்வாகவும், கைப்பிடி கொஞ்சம் நீளமானதாகவும் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டு நமக்கு முன்னே மாதிரி இல்லை.

மேஸ்திரி இப்போது இல்லை. அந்த ஹெல்பர் பையன் பிறகு ஃபிட்டராகி, ஃபோர்மேனாகி, அவனும் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டான். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னான். புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் நாள் அவன் கேட்கும் கேள்வி ஒன்றுதானாம்: "வர்றது பந்தா, தண்டா?"

அடுத்த முறை கில்னுக்குள் செங்கல் அடுக்கிய கதையை எழுதுகிறேன். அதற்குள் மாடித் தொட்டி வால்வை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.